மூன்றாம் பம்ப்பின் சொட்டுத் தட்டு

மூன்றாம் பம்ப்பின் அடியில் இருந்த தகரத் தட்டு மட்டும் ஏன் காய்ந்துபோகிறது என்று டீச்சருக்கு விளங்கவில்லை.

பார்க்கப்போனால் அற்ப விஷயம். பஸ்ஸுக்கு எரிபொருள் நிரப்பிவிட்டுக் குழாயைக் கொக்கியில் மாட்டும்போது அதன் வாயிலிருந்து கொஞ்சம் சொட்டும். சொட்டுவது தரையில் விழாமலிருக்க ஒவ்வொரு பம்ப்பின் அடியிலும் ஒரு தட்டு வைத்திருந்தார்கள். காலை பஸ்களெல்லாம் கிளம்பிப் போனதும் பார்த்தால் எல்லாத் தட்டுகளிலும் ஒரு விரல் உயரத்துக்கு எரிபொருள் தேங்கியிருக்கும். மாலையில் அதை ஒரு கேனில் ஊற்றி எடுத்துவைப்பார்கள். மூன்றாம் பம்ப்பின் தட்டு மட்டும் சில நாட்களில் மதியத்துக்கே சுத்தமாகத் துடைத்துவிட்டது போலக் கிடக்கும். அதோடு, அதன் விளிம்பில் பூசியிருந்த பச்சைப் பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருந்தது.

"வெயில்ல ஆவியாயிடுது டீச்சர்," என்றார் ஃபோர்மன்.

"நாலாவது பம்ப்புக்கும் அதே வெயில்தானே? அது ஏன் ஆவியாகல?"

"அதுக்குக் கூச்ச சுபாவம். மத்தவங்க முன்னாடி ஆவியாகாது."

டீச்சர் சிரித்துவிட்டு நகர்ந்தாள். ஆனால் விஷயம் மண்டையைக் குடைந்துகொண்டேயிருந்தது. அந்த பஸ் பணிமனையில் புதிதாகச் சேரும் ஓட்டுநர்களுக்கும் மெக்கானிக்குகளுக்கும் பாடம் நடத்துவது அவள் வேலை. எந்தப் பொருளும் ஏன் அப்படி நடந்துகொள்கிறது என்று தெரியாவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது.

அங்கே பஸ்கள் டீசலில் ஓடவில்லை, மெத்தனாலில் ஓடின. மரத்திலிருந்து எடுக்கும் ஒருவகை ஆல்கஹால் அது. மரச்சில்லுகளைப் போதிய காற்று விடாமல் சூடாக்கினால் அவை கொழுந்துவிட்டு எரியாது, வாயுவாகப் பிரியும். அந்த வாயுவைச் சுத்தம் செய்து, அழுத்தி, சில உலோகத் தூள்களின் மீது செலுத்தினால் மறுமுனையில் தண்ணீர் மாதிரி ஒரு திரவம் வடியும். அதற்கு நிறம் கிடையாது. எரித்தால் புகையாது. குடித்தால் கண் போய்விடும், கொஞ்சம் கூடினால் உயிரும் போய்விடும். இன்ஜினில் ஊற்றினால் பஸ் ஓடும். வெளிநாட்டுக் கப்பல் ஒன்றுகூடத் துறைமுகத்துக்கு வர வேண்டாம்.

இந்த யோசனை நாட்டுக்கு ஒரு நாவலிலிருந்து வந்தது.

எண்ணெய் விற்கும் நாடுகள் ஒன்று சேர்ந்து கப்பல்களை நிறுத்திய வருஷம் அது. ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியவர்களைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனார்கள். அந்தச் சமயத்தில் அந்த நாவல் வெளிவந்தது. காடு சூழ்ந்த ஓர் ஊரில் ஒரு பொறியாளர் மரத்திலிருந்து எரிபொருள் எடுக்கிறார். எல்லோரும் கேலி செய்கிறார்கள். கடைசியில் இருண்ட கூடம் ஒன்றில், ஊர்மக்கள் முன்னால், ஒரு கிண்ணத்தில் அதை ஊற்றித் தீக்குச்சியைக் காட்டுகிறார். நீலத் தீ எழுகிறது. 'இனி ஒரு சொட்டும் வேண்டாம்' என்கிறார். அந்தப் பக்கத்தைப் படித்து அழாதவர்கள் குறைவு. மந்திரிகளும் படித்தார்கள். தொழிற்சாலைகள் எழுந்தன, பஸ்கள் ஓடின. இதைக் கேலியாகச் சொல்லவில்லை. பஸ்கள் உண்மையாகவே ஓடின, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனார்கள். டீச்சரும் அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டுத்தான் பள்ளி வேலையை உதறிவிட்டுப் பணிமனைக்கு வந்திருந்தாள்.

பணிமனையின் வாசல் வளைவில் 'இனி ஒரு சொட்டும் வேண்டாம்' என்ற அந்த வரியை ஆள் உயர எழுத்தில் எழுதியிருந்தார்கள். அதற்கு எதிராக முணுமுணுப்பவர்களுக்கு ஒரு பெயர் இருந்தது: கப்பல்காரன். முதலில் அது வெறும் கிண்டலாகத்தான் இருந்தது. பிறகு கப்பல்காரர்களை விசாரிக்க ஓர் இலாகா வந்தது. விசாரணைக்குக் கூட்டிக்கொண்டு போனவர்கள் வேலைக்குத் திரும்பவில்லை. எங்கே போனார்கள் என்று யாரும் யாரையும் கேட்டுக்கொள்வதும் இல்லை.

டீச்சரின் தம்பி மூன்றாம் பம்ப்பில் வேலை பார்த்தான். ஒரு நாள் மதியம் அவன் வலது கையை ஈரத்துணியில் சுற்றிக்கொண்டு அவள் அறை வாசலில் வந்து நின்றான்.

"என்னடா ஆச்சு?"

"தெரியலக்கா."

"தெரியலன்னா? கையக் காட்டு."

அவன் துணியைப் பிரித்தான். விரல்களின் மேல்பக்கம் சிவந்து, தோல் பொங்கி நீர் கோத்திருந்தது. தட்டின் விளிம்பில் பார்த்த கொப்புளம் அவள் ஞாபகத்துக்கு வந்தது. ஏன் வந்தது என்று அவளுக்குப் புரியவில்லை.

"குழாயை மாட்டக் குனிஞ்சேன். கைய வெச்சேன். சுட்டுச்சு. அவ்வளவுதான்."

"தீ இருந்துச்சா?"

"அதுதான்க்கா சொல்றேன். ஒண்ணுமே இல்ல. வெறும் காத்து. காத்து சுட்டுச்சு."

பின்னாலேயே மேனேஜர் வந்தார். நல்ல மனுஷர், ஆனால் பயந்த சுபாவம். பயந்த மனுஷர்கள் சீக்கிரம் கோபப்படுவார்கள்.

"காத்து சுட்டுச்சாம்! கேட்டீங்களா டீச்சர் உங்க தம்பி கதைய? பீடி பிடிச்சிருக்கான். எரிபொருள் பக்கத்துல பீடி!"

"சார், நான் பீடியே பிடிக்கறதில்ல."

"அப்போ சிகரெட். பெரிய இடத்துப் பிள்ளையா நீ?"

"சார், தட்டோட பெயிண்டும் கொப்புளிச்சிருக்கு," என்றாள் டீச்சர். "நான் கொஞ்ச நாளாவே பார்க்கறேன். அங்க என்னமோ நடக்குது."

மேனேஜர் கதவைச் சாத்திவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "நடக்கத்தான் நடக்குது. அத நான் மேலிடத்துக்கு எழுதியாகணும். அங்க அதுக்கு என்ன பேரு தெரியுமா? நாசவேலை. நான் எழுத மாட்டேன்னா நானும் அதுல கூட்டு. எழுதிட்டேன் டீச்சர். விசாரணைக்கு ஆளு நாளை மறுநாள் வர்றாரு. அதுவரைக்கும் இவன் எப்பவும்போல வேலை பார்க்கட்டும். லீவு போட்டா ஓடிட்டான்னு சொல்லுவாங்க."

"இந்தக் கையோடயா?"

"இடது கை இருக்கில்ல?"

அவர் போன பிறகு தம்பி சிரிக்க முயன்றான். "பொய் சொல்றதுன்னா கொஞ்சம் நம்பற மாதிரி சொல்லியிருக்க மாட்டேனாக்கா? பீடின்னே சொல்லியிருப்பேனே."

டீச்சர் துணியை எடுத்து அவன் கையில் மறுபடி சுற்றினாள். அவன் சொல்வது உண்மைதான். காற்று சுட்டது என்று யாரும் பொய் சொல்ல மாட்டார்கள். அப்படியானால் அவனைச் சுட்டது எதுவோ, அது இன்னும் அந்தப் பம்ப்பில்தான் இருந்தது. தம்பியும் அதன் பக்கத்தில்தான் நிற்கப்போகிறான்.

மறுநாள் புதிய ஓட்டுநர்களுக்கு முதல் வகுப்பு. முதல் வகுப்பு நாடெங்கும் ஒரே மாதிரிதான் நடக்கும், நாவலில் வருவது போலவே. கூடத்தின் ஜன்னல்களுக்குக் கறுப்புத் திரை போடுவார்கள். மேசைமேல் ஒரு பீங்கான் கிண்ணம் இருக்கும். அதில் மெத்தனாலை ஊற்றிவிட்டு டீச்சர் அந்தப் பக்கத்தை மனப்பாடமாகச் சொல்லுவாள்: "அது புகையவில்லை, படபடக்கவில்லை. நிலவைக் கடைந்து எடுத்தது போல நீலமாக நின்றது." தீக்குச்சியைக் காட்டுவாள். இருட்டில் நீலத் தீ மெல்ல எழும்பும். வழக்கமாக யாராவது மூக்கை உறிஞ்சுவார்கள். அன்றும் உறிஞ்சினார்கள்.

முன்வரிசையில் இருந்த பருமனான ஓட்டுநர் ஒருவர் கையைத் தூக்கினார். "டீச்சர், மூச்சு முட்டுது. திரையக் கொஞ்சம் விலக்கிக்கட்டுமா?"

"விலக்குங்க."

அவர் திரையை இழுத்தார். உச்சிவெயில் ஜன்னல் வழியே நேராக மேசைமேல் விழுந்தது. தீ அணைந்துவிட்டது.

"அச்சச்சோ," என்றார் அவர். "காத்துல அணைஞ்சிடுச்சு போல. நான்தான் கெடுத்துட்டேன்."

"பரவாயில்ல. மறுபடி ஏத்தறேன்."

டீச்சர் இன்னொரு தீக்குச்சியை எடுத்தாள். பெட்டி இடது கையில் இருந்தது, குச்சி வலது கையில். குச்சியை உரசுவதற்கு முன் கிண்ணத்தின் பக்கம் கொண்டுபோனாள். அது உரசாமலேயே பற்றிக்கொண்டது.

வகுப்பில் யாரோ கைதட்டினார்கள். அது ஏதோ வித்தை என்று நினைத்துவிட்டார்கள்.

டீச்சர் எரியும் குச்சியைக் கீழே போட்டாள். தன் கையைப் பார்த்தாள். மணிக்கட்டில் இருந்த மென்மயிர் பொசுங்கியிருந்தது. "திரைய மூடுங்க," என்றாள். மூடினார்கள். கிண்ணத்தின்மேல் நீலத் தீ அசையாமல் நின்றது. "திறங்க." அங்கே ஒன்றுமில்லை. வெள்ளைக் கிண்ணம், வெயில், அவ்வளவுதான். "மூடுங்க." மறுபடியும் நீலம்.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். மெழுகுவர்த்தித் தீ ஏன் மஞ்சளாகத் தெரிகிறது? மெழுகு எரியும்போது கண்ணுக்குத் தெரியாத கரித்துகள்கள் உண்டாகின்றன. அவை சூட்டில் தணல் போலக் கனன்று ஒளி விடுகின்றன. நாம் தீ என்று பார்ப்பதெல்லாம் பெரும்பாலும் அந்தத் துகள்களின் ஒளிதான். மெத்தனாலில் கரி மிகக் குறைவு. இருக்கிற கரியும் கூடவே இருக்கும் ஆக்சிஜனோடு சேர்ந்து, துகளாகாமல் எரிந்துவிடுகிறது. எனவே கனல ஒன்றுமில்லை. ஒரு மங்கிய நீலம் மட்டும் மிஞ்சும். பட்டப்பகலில் ஏற்றிய டார்ச் விளக்கு போல, வெயிலில் அந்த நீலம் தொலைந்துபோகும். ஆனால் சூடு எங்கும் தொலைவதில்லை.

நாவலில் அந்தத் தீ வரும் இடமெல்லாம் இருட்டு. பயிற்சிக்கூடங்களிலும் இருட்டு. நாட்டில் எல்லோருக்கும் அந்தத் தீ எப்படி இருக்கும் என்று தெரியும். பகலில் அதை யாரும் பார்த்ததில்லை.

ஜன்னலுக்கு வெளியே மதிய பஸ்கள் எரிபொருள் நிரப்ப உள்ளே வரும் சத்தம் கேட்டது. டீச்சர் கிண்ணத்தின்மேல் ஒரு தட்டைக் கவிழ்த்துவிட்டு ஓடினாள்.

நிரப்புமிடம் வெயிலில் வெளுத்துக் கிடந்தது. தம்பி மூன்றாம் பம்ப்பின் பக்கத்தில் நின்று, ஒரு பஸ்ஸை உள்ளே வரச் சொல்லி இடது கையால் சைகை காட்டிக்கொண்டிருந்தான். சுவரோரம் சாத்தியிருந்த நீளமான விளக்குமாற்றை டீச்சர் பிடுங்கினாள்.

"டேய்! அப்படியே நில்லு! ஒரு அடி எடுத்து வைக்காத!"

"என்னக்கா, பெருக்கறதுக்கு வேற ஆள் இருக்கே. உனக்கு எதுக்கு?"

"நிக்கச் சொன்னா நில்லுடா!"

அவள் குரலைக் கேட்டு அவன் நின்றான். பஸ்ஸும் நின்றது. டீச்சர் விளக்குமாற்றை முழங்கால் உயரத்தில் முன்னால் நீட்டிப் பிடித்து, குருடர் கோலால் தடவுவது போல ஒவ்வோர் அடியாக வந்தாள். பம்ப்பைச் சுற்றிக் காற்று லேசாக நெளிந்தது. வெயில் நாளில் தார்ச்சாலைமேல் நெளியுமே, அதே மாதிரிதான். யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

தட்டுக்கு மேலே போனதும் விளக்குமாற்றின் நுனிகள் சுருண்டன. அடுத்த கணம் மஞ்சள் தீயோடு கொழுந்துவிட்டு எரிந்தன. தம்பியின் கால்சட்டை அங்கிருந்து எட்டித் தொடும் தூரத்தில் இருந்தது.

அவன் எரியும் விளக்குமாற்றையும் தன் காலையும் மாறி மாறிப் பார்த்தான்.

"பின்னாடி வா. மெதுவா. நேர் பின்னாடி." அவன் வந்தான். "ஃபோர்மன் அண்ணே, மெயின் சுவிட்ச அணைங்க! தண்ணி! குவளை இல்ல, வாளி வாளியா!"

மெத்தனால் தண்ணீரோடு கலந்துவிடும். ஒரு குவளை ஊற்றினால் தண்ணீர் கலந்த மெத்தனாலும் எரியும். பல மடங்கு தண்ணீர் சேர்ந்தால்தான் அணையும். வாளி வாளியாக ஊற்றினார்கள். அணைந்துவிட்டதா என்பதுகூடக் கண்ணுக்குத் தெரியவில்லை. இன்னொரு விளக்குமாற்றை நீட்டித்தான் உறுதி செய்ய வேண்டியிருந்தது.

ஃபோர்மன் பம்ப்பின் சுவிட்ச் பெட்டியைத் திறந்து பார்த்தார். உள்ளே ஒரு திருகு தளர்ந்து, சுற்றிலும் கறுத்திருந்தது. ஒவ்வொரு தடவை போடும்போதும் பொறி பறந்திருக்கிறது. காலையில் குளிர்ந்த காற்றில் ஆவி குறைவு. மதியத்தில் தட்டிலிருந்து ஆவி எழும்பிப் பொறியில் பற்றிக்கொண்டிருக்கிறது. தட்டில் இருப்பது தீர்ந்ததும் தானாக அணைந்திருக்கிறது. இத்தனை நாளும் சத்தமில்லாமல், புகையில்லாமல், எல்லோர் கண்ணெதிரிலும்.

"அப்பாடா. திருகு முறுக்கிட்டா முடிஞ்சுது," என்றார் ஃபோர்மன்.

"இந்தத் திருகு சரி. பொறி வர்றதுக்கு வேற வழியே இல்லையா அண்ணே? தீ வர்றது ஒரு ஆபத்து. வந்தது தெரியாம இருக்கறதுதான் பெரிய ஆபத்து."

மேனேஜர் அவள் சொன்னது முழுவதையும் கேட்டார். வியர்வையைத் துடைத்துக்கொண்டார். "டீச்சர், தீ தெரியாதுன்னு நான் எழுத முடியுமா? புத்தகத்துல நீலமா தெரியுதுன்னு இருக்கு. மந்திரி மேடைக்கு மேடை அதச் சொல்றாரு. புத்தகம் பொய்னு நான் சொன்னா யாரு கப்பல்காரன்? எழுதினவரே சொல்லட்டும். அவர் சொன்னா நான் மேலிடத்துல பேசறேன்."

எழுதியவர் அதே நகரத்தில்தான் இருந்தார், அரசாங்கம் கொடுத்த வீட்டில். வாசலில் காவலர் நின்றார். வாசகி என்று சொன்னதும் உள்ளே விட்டார்கள். வரவேற்பறை முழுக்கப் பொன்னாடைகளும் கேடயங்களும். அவர் கூச்சமான மனிதர். வங்கிக் குமாஸ்தாவாக இருந்தபோது அதை எழுதியவர்.

டீச்சர் சுற்றி வளைக்கவில்லை. "சார், அந்தத் தீய நீங்களே பத்த வெச்சுப் பார்த்தீங்களா?"

அவர் முகம் மலர்ந்தது. "பின்ன? பார்க்காம ஒரு வரிகூட எழுத மாட்டேன். ஒரு பாட்டில் வாங்கி, வீட்டு அடுக்களையில பார்த்தேன். ராத்திரி. பகல்லதான் வங்கி வேலையாச்சே."

"பகல்ல ஒரு தடவைகூடப் பார்க்கலையா?"

அவர் சட்டைப் பொத்தானைத் திருகினார்.

"பார்த்தேன். ஒரு ஞாயித்துக்கிழமை. முற்றத்துல வெச்சு ஏத்தினேன். ஒண்ணும் தெரியல. வீட்டுக்காரி வந்து, என்ன வெறும் கிண்ணத்தையே முறைச்சுப் பார்க்கறீங்கன்னு கேட்டா."

"அத ஏன் சார் எழுதல?"

"எழுதறதுக்கு அதுல என்னம்மா இருக்கு? ஒண்ணும் தெரியலங்கறத எப்படி எழுதறது? ஊரே கூடியிருக்கு, கதாநாயகன் தீக்குச்சியக் கிழிக்கறான், ஒண்ணும் தெரியலன்னா? யாரு அழுவா?"

"என் தம்பிக்குக் கை வெந்திருக்கு. நாளைக்கு அவனக் கூட்டிட்டுப் போயிடுவாங்க. நீங்க வந்து ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

அவர் ஜன்னலைப் பார்த்தார். காவலரின் தொப்பி தெரிந்தது. "என்ன யாருன்னு நெனச்சிருக்கீங்க? நான் கதை எழுதினவன். பம்ப் வைக்கச் சொன்னவன் இல்ல. இந்தக் கதைய இப்படியே படிச்சு இப்படியே செய்வாங்கன்னு எனக்கு எப்படிம்மா தெரியும்?" பிறகு மிகவும் தணிந்த குரலில், "இந்த வாசலத் தாண்டி நான் தனியாப் போய் ரொம்ப நாளாச்சு," என்றார்.

டீச்சருக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவளும்தான் அந்தப் பக்கத்தை எத்தனையோ வகுப்புகளில் சொல்லியிருக்கிறாள், திரையைத் தன் கையாலேயே மூடிவிட்டு.

விசாரணை நாள் காலையில் ஃபோர்மனும் அவளும் பட்டறைக்குப் பின்னால் கிண்ணங்களை வரிசையாக வைத்தார்கள். தீ வெயிலிலும் தெரிய வேண்டும், அதற்கு நிறமோ கரியோ வேண்டும். எதைச் சேர்த்தால் அது வரும்?

முதலில் உப்பு. உப்பு தீக்கு மஞ்சள் நிறம் கொடுக்கும், ஆனால் மெத்தனாலில் கொஞ்சம்தான் கரைந்தது. நிழலில் தெரிந்த மஞ்சள் வெயிலில் தெரியவில்லை. "போதாததுக்கு இன்ஜின்ல துரு புடிக்கும்," என்றார் ஃபோர்மன். அடுத்து இன்ஜின் ஆயில். அது கலக்கவே இல்லை, தனியாக அடியில் போய்ப் படுத்துக்கொண்டது.

"அண்ணே," என்றாள் டீச்சர், "நல்லாக் கலக்கணும், இன்ஜினுக்கும் ஒத்துக்கணும், கரியோட எரியணும். அப்படி ஒண்ணுதான் இருக்கு."

ஃபோர்மன் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "அதச் சொல்லாதீங்க டீச்சர்."

"உங்க பழைய பைக் டேங்க்ல இருக்கா?"

"கொஞ்சம் இருக்கு. நினைவுச் சின்னமா வெச்சிருக்கேன்." அவர் வாசல் வளைவின் பக்கம் பார்த்துவிட்டு ஒரு குழாயைத் தேடப் போனார். "சிக்கினா, பெட்ரோல் வண்டிலயே இருந்துச்சுன்னு சொல்லிடுவேன். வண்டி பேசாது."

நூறில் ஐந்து பங்கு சேர்த்துப் பார்த்தார்கள். தீ தெரிந்ததா இல்லையா என்று இருவருக்கும் வாக்குவாதம் வந்தது. பத்து பங்கு சேர்த்தபோது நிழலில் நன்றாகத் தெரிந்தது, வெயிலில் சந்தேகம். பதினைந்து சேர்த்தார்கள். வாக்குவாதத்துக்கு இடமே இல்லை.

அதிகாரி மதியம் வந்தார். மிருதுவாகப் பேசும், மடிப்புக் கலையாத மனிதர். அவர் வந்த வேன் வாசலில் இன்ஜினை அணைக்காமல் நின்றது. தம்பியின் பக்கத்தில் மாற்றுத்துணி வைத்த ஒரு பை இருந்தது. கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள்.

"புத்தகம் படிச்சிருக்கீங்களா தம்பி?" என்றார் அதிகாரி.

"மூணு தடவை சார்."

"அப்படியிருந்தும் தீயே இல்லாம சுட்டுச்சுன்னு சொல்றீங்க."

"சார்," என்றாள் டீச்சர். "ஒரு நிமிஷம் வெளில வந்து பார்த்துட்டு அப்புறம் கூட்டிட்டுப் போங்க."

முற்றத்தின் நடுவில், உச்சிவெயிலில், இரண்டு கிண்ணங்கள் தள்ளித் தள்ளி இருந்தன. மேனேஜர் கையைப் பிசைந்தபடி தூரத்தில் நின்றார்.

"இந்த ரெண்டுல எது எரியுது சார்?"

அதிகாரி குனிந்து பார்த்தார். "ரெண்டும் எரியல."

"உங்க கைக்குட்டைய முதல் கிண்ணத்துக்கு மேல பிடிங்க. நுனிய மட்டும். கைய மேலயே வெச்சுக்கோங்க."

அவர் புன்னகையோடு பிடித்தார். கைக்குட்டையின் நுனி பழுப்பாகி, பொசுக்கென்று பற்றிக்கொண்டது. அவர் அதை உதறினார். அது தரையில் விழுந்து சுருண்டு கருகும்வரை பார்த்துக்கொண்டேயிருந்தார். புன்னகை அப்படியே முகத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது, எடுக்க மறந்தது போல.

"போன மாசம் வேற பணிமனையில ஒருத்தன் இதையேதான் சொன்னான்," என்றார் கடைசியில். "காத்து சுட்டுச்சுன்னு. அதுக்கு முன்னாடி ஒரு பொம்பளை. முந்தானை தானாப் பத்திக்கிச்சுன்னா."

"அவங்கள என்ன பண்ணீங்க சார்?"

அவர் வாசலில் நின்ற வேனைப் பார்த்தார். பக்கத்துச் சாலையில் எங்கோ ஒரு பஸ் நிற்கும் சத்தம் கேட்டது. அந்த நேரத்தில் நாடெங்கும் மதிய பஸ்கள் நிரப்ப வந்துகொண்டிருந்தன. எல்லாப் பம்ப்புகளின் அடியிலும் தட்டுகள் இருந்தன. எந்தத் தட்டைச் சுற்றிக் காற்று நெளிகிறது என்று யாரும் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. அதிகாரியும் அதைத்தான் நினைத்திருக்க வேண்டும். கருகிய துணியிலிருந்து காலைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"ரெண்டாவது கிண்ணத்துல என்ன?"

டீச்சர் ஒரு நீளக் குச்சியில் தீயேற்றி அதன் பக்கம் நீட்டினாள். மஞ்சள் தீ முழங்கால் உயரத்துக்கு எழும்பியது. வாசலில் நின்ற வேன் ஓட்டுநர்கூடத் திரும்பிப் பார்த்தார்.

"பெட்ரோல் கலந்திருக்கேன்," என்றாள்.

"ஐயோ, டீச்சர்!" என்றார் மேனேஜர். "ஒரு சொட்டும் வேண்டாம்னு..."

"பதினஞ்சு பங்கு வேணும் சார். எண்பத்தஞ்சு பங்குக்குக் கப்பல் வேண்டாம். அதுவே பெரிய விஷயம். அந்தப் பதினஞ்சுக்கு வீறாப்பு பேசினா ஆளுங்க எரிவாங்க. எரியறதும் தெரியாது."

அதிகாரி மேனேஜரைப் பார்க்கவில்லை. சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். "உங்க தம்பி பைய உள்ள வெக்கச் சொல்லுங்க," என்றார். "கலக்கற அளவச் சொல்லுங்க. மெதுவா."

தம்பி பையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போகும்வரை டீச்சர் காத்திருந்தாள். பிறகு அவள் சொல்லச் சொல்ல அவர் எழுதிக்கொண்டார்.

மெத்தனால் எண்பத்தைந்து பங்கு, பெட்ரோல் பதினைந்து பங்கு. பம்ப்பில் அல்ல, சேமிப்புத் தொட்டியிலேயே முன்கூட்டிக் கலந்துவிட வேண்டும். அப்படிக் கலந்தால் உச்சிவெயிலிலும் தீ மஞ்சளாகத் தெரியும்.